பாம்புத் தொட்டிக்குள் வெப்ப ப்ரோப்: எதை வைத்துப் பிடிப்பது, எங்கே வைப்பது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். கண்ணாடித் தொட்டியில் ஒரு வயதுக் கார்ன் ஸ்நேக் (வீட்டில் வளர்க்கும் விஷமற்ற பாம்பு வகை). தொட்டிக்கு அடியில் ஹீட் மேட், அதாவது மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு; அதன் சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட்டின் ப்ரோப்பை, அதாவது வயர் நுனியில் இருக்கும் வெப்ப உணரியை, உள்பக்கம் கண்ணாடித் தரையில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறீர்கள். பாம்பு அதைப் பெயர்த்துப் பெயர்த்துப் போடுகிறது. இன்னும் வலுவாக ஒட்டும் டேப் எது, அல்லது பாம்புக்கு ஆபத்தில்லாமல் வேறு எதை வைத்துப் பிடிக்கலாம் என்பது கேள்வி.

டேப்பே வேண்டாம். எந்த டேப்பும். செலோடேப், கறுப்பு இன்சுலேஷன் டேப், டக்ட் டேப், அலுமினிய ஃபாயில் டேப், இருபக்கமும் ஒட்டும் ஃபோம் டேப், பின்னால் பசை வைத்த வெல்க்ரோ என எல்லாமே இதில் சேரும். டேப் எவ்வளவு நன்றாக ஒட்டுகிறதோ அவ்வளவு மோசம். காரணம், தொட்டிக்குள் இருக்கும் சூடும் ஈரமும் பசையை இளக்கும், ஒரு மூலை லேசாகத் தூக்கும். பாம்பு சும்மா இருக்காது. சுவரோரமாக மூக்கை வைத்துத் தேய்த்துக்கொண்டே போவது அதன் பழக்கம். எங்கே சிறு இடுக்கு கிடைத்தாலும் மூக்கை நுழைத்துத் தள்ளிப் பார்க்கும். தூக்கிய அந்த மூலைக்கு அடியில் தலை போய்விட்டால் பசைப் பக்கம் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் பாம்பு பெரும்பாலும் பின்வாங்காது, முன்னால்தான் தள்ளும், உருளும், முறுக்கும். ஒவ்வொரு முறுக்குக்கும் இன்னும் கொஞ்சம் டேப் உடம்பைச் சுற்றும். செதில்கள் பின்பக்கம் பார்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதால், டேப் எதிர்த்திசையில் இழுக்கும்போது செதிலோடு தோலும் சேர்ந்து கிழியும். சட்டை உரிக்கப் போகிற நேரத்தில் தோல் இன்னும் மென்மையாக இருக்கும், அப்போது சேதம் இரட்டிப்பு. வாயிலோ மூக்குத் துவாரத்திலோ ஒட்டினால் மூச்சுக்கே ஆபத்து.

ஆனால் உங்கள் விஷயத்தில் டேப்பைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. பாம்பு பெயர்த்துப் போடுவது வெறும் தெர்மாமீட்டரின் ப்ரோப் என்றால் தொல்லை மட்டும்தான், ரீடிங் தப்பாக வரும், அவ்வளவுதான். நீங்கள் சொல்வது தெர்மோஸ்டாட்டின் ப்ரோப். தெர்மோஸ்டாட்டுக்கு அதுதான் ஒரே கண். அது சூடான தரையிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் போய்க் கிடந்தால், "இன்னும் சூடேறவில்லையே" என்று நினைத்து மேட்டை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும். கட்டுப்பாடு இல்லாமல் ஓடும் ஹீட் மேட்டுக்கு மேலே இருக்கும் கண்ணாடி 45 டிகிரியைத் தாண்டக்கூடும். பாம்பு சுட்டால் நகர்ந்துவிடாதா என்று கேட்பார்கள். நம்ப முடியாது. வயிறு வெந்துகொண்டிருக்கும்போதே அதே இடத்தில் சுருண்டு படுத்திருக்கும் பாம்புகளைக் கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகப் பார்க்கிறார்கள். வயிற்றுச் செதில் சிவந்து, பிறகு பழுப்பாகி, கொப்பளித்து நிற்கும்போதுதான் வளர்ப்பவருக்கே தெரியவரும்.

ப்ரோப் இடம் மாறுவது மட்டுமல்ல. பாம்பு அதன்மேல் எச்சம் போட்டாலோ தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்தாலோ, நனைந்த ப்ரோப் ஈரம் ஆவியாக ஆவியாகக் குளிர்ந்துபோகும். அதாவது உண்மையான சூட்டைவிடக் குறைவாகக் காட்டும். விளைவு அதேதான், மேட் இன்னும் ஓடும். வயர் அறுந்தால்? பெரும்பாலான மலிவு தெர்மோஸ்டாட்களின் ப்ரோப்பில் இருப்பது என்டிசி தெர்மிஸ்டர், சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் சிறு பாகம். குளிரக் குளிர அதன் மின்தடை கூடும். வயர் அறுந்துவிட்டால் தடை எல்லையில்லாமல் போகும், கருவியோ அதைக் கடுங்குளிர் என்று படிக்கும். நல்ல கருவிகள் இதைக் கண்டுபிடித்து ஹீட்டரை நிறுத்திவிட்டு அலாரம் அடிக்கும். எல்லாக் கருவியும் அப்படி இல்லை. உங்களுடையது எப்படி என்பதை ஒரு நிமிடத்தில் சோதிக்கலாம்: ப்ரோப் வயர் கழற்றக்கூடிய பிளக்காக இருந்தால், கழற்றிவிட்டு ஹீட்டர் நிற்கிறதா ஓடுகிறதா என்று பாருங்கள்.

இந்த வழிகள் எல்லாம் ஒரே திசையில்தான், அதிகச் சூட்டின் பக்கம்தான், கொண்டுபோய் விடுகின்றன. அதனால் "எதை வைத்து ஒட்டலாம்" என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "இதை ஏன் பாம்புக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும்?" என்பது.

ஹீட் மேட் என்றால் அதை உள்ளே வைக்கவே வேண்டாம். கண்ணாடித் தொட்டிக்கு வெளியே, மேட்டுக்கும் கண்ணாடியின் அடிப்பக்கத்துக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் ப்ரோப்பை வையுங்கள். டேப்புக்கு ஒரு வேலை உண்டென்றால் அது இங்கேதான். பாம்பே வராத இடம் என்பதால் ஃபாயில் டேப்பைத் தாராளமாகப் போடலாம். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சில ப்ரோப்கள் பாசிமணி மாதிரிச் சின்னதாக, தட்டையாக இருக்கும். அவை இடையில் அடங்கிவிடும். சில ப்ரோப்களுக்கு 6 மி.மீ. தடிமனில் ஸ்டீல் உறை இருக்கும். அதை இடையில் திணித்தால் மேட் கண்ணாடியிலிருந்து தூக்கி நிற்கும், தொட்டியின் எடையும் அதன்மேல் விழும். அந்த மாதிரி ப்ரோப்பை மேட்டின் கீழ்முகத்தில், சூடாகும் பகுதியின் நடுவில் அழுத்தி ஒட்டிவிடுங்கள். தொட்டிக்கு நாலு மூலையிலும் சின்னக் கால்கள் வைத்துக் கொஞ்சம் தூக்கிவிட்டால் ப்ரோப் நசுங்காது, மேட்டுக்கு அடியிலும் காற்றோட்டம் இருக்கும். அந்தக் காற்றோட்டம் எப்படியும் தேவை. சூடு போக வழியில்லாமல் அடைந்து கிடந்தால் கண்ணாடி விரிசல் விடக்கூடும்.

"வெளியே வைத்தால் உள்ளே என்ன சூடு என்று தெர்மோஸ்டாட்டுக்கு எப்படித் தெரியும்?" என்ற ஆட்சேபம் நியாயமானது. தெரியாது. அது மேட்டின் சூட்டைத்தான் கட்டுப்படுத்தும். உள்ளே எவ்வளவு வருகிறது என்பதை நீங்கள் ஒருமுறை அளந்து, வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். உதாரணத்துக்கு, வெளியே 36 டிகிரி வைத்தால் உள்ளே கண்ணாடித் தரை 32 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது உங்கள் செட்டிங் 36 அல்லது அதற்குக் கொஞ்சம் கீழே. கண்ணாடியின் தடிமன், உள்ளே தரையில் பரப்பியிருக்கும் மரச்சீவலின் அளவு, அறையின் குளிர் எல்லாவற்றுக்கும் ஏற்ப இந்த வித்தியாசம் மாறும். அதனால் என்னுடைய எண்ணை எடுத்துப் போட்டுவிடாதீர்கள், உங்கள் தொட்டியில் அளந்து பாருங்கள். குளிர்காலம் தொடங்கும்போது ஒருமுறை, வெயில் ஏறும்போது ஒருமுறை மறுபடி அளந்தால் போதும். கார்ன் ஸ்நேக்குக்குச் சூடான பக்கத்தின் தரை 29 முதல் 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 22 முதல் 25. பால் பைத்தானுக்கு (வீட்டில் வளர்க்கும் சிறிய மலைப்பாம்பு வகை) ஓரிரு டிகிரி கூட: 31 முதல் 33, மறுபக்கம் 24 முதல் 27.

அளப்பது எங்கே என்பதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். மரச்சீவலுக்கு மேலே வைத்து அளந்துவிட்டு "சரியாகத்தான் இருக்கிறது" என்பார்கள். பாம்பு அங்கே படுப்பதில்லை. சீவலைத் தோண்டிக்கொண்டு நேரே கண்ணாடிக்குப் போய்ப் படுக்கும். சீவல் தடிமனாக இருந்தால் மேலே 28, கீழே 38 என்றுகூட இருக்கலாம். மேட் இருக்கும் பக்கத்தில் சீவலை 2 செ.மீ. அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; வெறும் கண்ணாடியின் சூட்டை அளந்து, அது எல்லைக்குள் இருக்கும்படி செட் செய்யுங்கள்.

சரி, அப்படியானால் உள்ளே ப்ரோப்பே வேண்டாமா? வேண்டும், ஆனால் அது தெர்மாமீட்டரின் ப்ரோப்பாக இருக்கட்டும். தெர்மோஸ்டாட் சொல்வதை அதே தெர்மோஸ்டாட்டின் திரையில் பார்த்துத் திருப்திப்படுவதில் பயனில்லை, சாட்சி வேறு ஆளாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவது ப்ரோப்பைப் பாம்பு பெயர்த்துப் போட்டாலும் ஹீட்டர் வெறி பிடித்து ஓடாது. உள்ளே இருப்பது அதுதான் என்பதால், அதைப் பிடித்து வைக்கும் முறையைப் பார்ப்போம். தொட்டி எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது அது.

கண்ணாடிக்கு என் முதல் தேர்வு சிலிக்கான். மீன்தொட்டி செய்பவர்கள் பயன்படுத்தும் நூறு சதவீத சிலிக்கான் சீலன்ட், பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்க்காதது. குளியலறை, சமையலறைக்கென்று விற்பவற்றில் பெரும்பாலும் அந்த மருந்து இருக்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள். ஒட்டுகிற இடத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ப்ரோப்பின் முனையை மூடாமல், அதற்குப் பின்னால் இருக்கும் வயரின்மேல் ஒரு பொட்டு வைத்தால் போதும். முனை தரையைத் தொட்டபடி திறந்திருக்க வேண்டும். சிலிக்கான் இறுகும்வரை ப்ரோப் நகராமல் இருக்க அதன்மேல் ஏதாவது கனமானதை வையுங்கள், அல்லது அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு துண்டு டேப் போட்டுப் பிறகு தடயமில்லாமல் எடுத்துவிடுங்கள். பாம்பு இதற்கெல்லாம் முன்பே வேறு பெட்டிக்குப் போயிருக்க வேண்டும், சொல்லத் தேவையில்லை. காயும்போது காடி வாடை அடிக்கும், அது அசிட்டிக் அமிலம். குறைந்தது 24 மணி நேரம், தடிமனாகப் போட்டிருந்தால் 48 மணி நேரம். எண்ணிக்கையைவிட மூக்கை நம்புங்கள். துளி வாடை இருந்தாலும் பாம்பைத் திரும்ப விடாதீர்கள். பின்னாளில் எடுக்க வேண்டுமானால் பிளேடால் வழித்துவிடலாம். மறுபடி ஒட்டும்போது பழைய சிலிக்கான் சுத்தமாகப் போயிருக்க வேண்டும். காய்ந்த சிலிக்கான்மேல் புதுச் சிலிக்கான் சரியாகப் பிடிக்காது.

பலரும் சொல்லும் இன்னொரு வழி ஹாட் க்ளூ, அதாவது க்ளூ கன்னில் போடும் பசைக் குச்சி. ஆறியதும் ஒட்டும் தன்மை போய்விடுவதால் பாம்பின் தோலுக்கு ஆபத்தில்லை. பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், காத்திருக்க வேண்டியதில்லை. அவசரத்துக்கு நல்லது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வழவழப்பான கண்ணாடியில், அதுவும் மேட்டுக்கு நேர்மேலே, சூடேறி ஆறிச் சூடேறி ஆறி அது ஒருநாள் முழுசாகக் கழன்று வந்துவிடும். குளிர்ந்த பக்கத்துச் சுவரில் வயரைப் பிடித்து வைக்க, மரச் சட்டத்தில் ஒட்ட, இதற்கெல்லாம் போதுமானது. வெப்பத்தின் மையத்தில் நம்ப வேண்டாம். எடுக்க வேண்டுமானால் ஓரத்தில் ஆல்கஹால் விட்டால் உரிந்துவிடும்.

சக்ஷன் கப்பை (கண்ணாடியில் அழுத்தி ஒட்டவைக்கும் ரப்பர் கிண்ணி) பற்றி ஒரே வரி: ப்ரோப்போடு அதைச் சேர்த்துத் தருகிறார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி கிடையாது.

மரப் பெட்டி, பிவிசி பெட்டி என்றால் உங்களுக்கு யோகம். பசையே தேவையில்லை. எலக்ட்ரீஷியன்கள் சுவரில் வயரைப் பிடிக்கப் பயன்படுத்தும் கிளிப்பை ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடலாம். ஸ்க்ரூவின் நீளத்தை மட்டும் பலகையின் தடிமனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முனை மறுபக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. பின்பக்கம் பசை வைத்த கிளிப்புகளை வாங்காதீர்கள், அதுவும் டேப் குடும்பம்தான். பெரிய பாம்பு என்றால் வயரை முழுவதுமாகக் கேசிங் பட்டிக்குள் ஓட்டிவிடுவது நல்லது. மேல்மூடி வெறுமனே அழுத்தி மாட்டுவதாக இருந்தால் அதற்கும் ஓரிரு ஸ்க்ரூ போடுங்கள், பைத்தான் மாதிரி பலசாலி அதைப் பிதுக்கித் திறந்துவிடும்.

மரப் பெட்டியில் ஹீட் மேட்டை வெளியே வைக்க முடியாது, மரம் சூட்டைக் கடத்தாது. மேட் உள்ளேதான் போகும். அப்போதும் தெர்மோஸ்டாட் ப்ரோப் பாம்புக்கு எட்டாமல் இருக்க வழி உண்டு: மேட்டின்மேல் ப்ரோப், இரண்டையும் மூடி ஒரு தட்டையான டைல், டைலின் நாலு ஓரமும் சிலிக்கானால் அடைத்தது. பாம்பு டைல்மேல் படுக்கும், அடியில் போக முடியாது. டைலை நேரே பெட்டியின் தரையோடு சேர்த்துப் பதியுங்கள். மரச்சீவலின்மேல் சும்மா வைத்தால் பாம்பு அடியில் தோண்டிப் போய், டைல் இறங்கி அதை நசுக்கும்.

பிளாஸ்டிக் டப்பாவில் வளர்ப்பவர்களுக்குப் பசை வழி மூடியே இருக்கிறது. பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன் இரண்டிலும் சிலிக்கானும் பிடிக்காது, ஹாட் க்ளூவும் பெரிதாகப் பிடிக்காது. அங்கே ஓட்டைதான் நண்பன். வயருக்கு இருபுறமும் ஒவ்வொரு சின்ன ஓட்டை போட்டு, கேபிள் டையை உள்ளிருந்து வெளியே கொண்டுவந்து, முடிச்சுத் தலை வெளியே இருக்கும்படி இறுக்குங்கள். உள்ளே தெரிவது வளைந்த வழவழப்பான பட்டை மட்டும்தான். எங்கே கேபிள் டை பயன்படுத்தினாலும் மிச்ச நுனியைச் சாதாரணக் கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டாதீர்கள், அது பிளேடு மாதிரி நிற்கும். தட்டைமுனை கட்டரை வைத்துத் தலையோடு ஒட்ட வெட்டி, விரலால் தடவிப் பாருங்கள். உங்கள் விரலைக் கீறினால் சட்டை உரிக்கத் தேய்த்துக்கொண்டு போகும் பாம்பின் கண்ணையும் கீறும்.

காந்தம் ஒரு அழகான வழி, கண்ணாடியின் இருபுறமும் ஒவ்வொன்றாக வைத்து நடுவில் வயரைப் பிடிப்பது. உள்ளே இருப்பது பாம்பு விழுங்க முடியாத அளவுக்குப் பெரியதாகவும், பிளாஸ்டிக் அல்லது ரப்பர் உறை போட்டதாகவும் இருந்தால் சரி. சின்ன வட்டக் காந்தங்களை உள்ளே விடவே வேண்டாம். இதன் பலவீனம், பலமான பாம்பு அதைச் சுவரோடு நகர்த்திக்கொண்டே போய்விடும் என்பது.

இவ்வளவும் ப்ரோப்பைப் பற்றி. உண்மையில் பாம்பு பிடுங்குவது ப்ரோப்பை அல்ல, வயரை. சுவருக்கும் வயருக்கும் நடுவில் கொஞ்சம் தொய்வு இருந்தால் போதும், தலையை உள்ளே கொடுத்து, உடம்பைப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போகும். உடம்பின் தடிப்பான பகுதி வரும்போது வயர் தானாகப் பிடுங்கிக்கொண்டு வரும். ஒரு கார்ன் ஸ்நேக் இதைச் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், அதற்கு வயரைப் பிடுங்க வேண்டும் என்ற எண்ணமே இருக்காது, தன் வழியில் போய்க்கொண்டிருக்கும். ஆகவே வயர் சுவரோடு, முடிந்தால் மூலையோடு, ஒட்டி இறுக்கமாக ஓட வேண்டும். 8 முதல் 10 செ.மீ.க்கு ஒரு பிடிப்பு. வளைவுகளில் இன்னும் நெருக்கமாக. உள்ளே இருக்கும் வயரின் நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ப்ரோப் இருக்கும் இடத்துக்கு மிக அருகில் ஓட்டை போட்டு வெளியே எடுத்துவிடுங்கள். மிச்ச வயரைச் சுருட்டி உள்ளே ஒரு மூலையில் வைப்பவர்கள் பாம்புக்கு விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுக்கிறார்கள்.

அந்த ஓட்டை வயரின் தடிமனுக்கு மேல் இருக்கக் கூடாது. பிளக் நுழைய வேண்டும் என்று பெரிதாகப் போட்டிருந்தால் ரப்பர் கிராமெட் (ஓட்டையின் ஓரத்தில் மாட்டும் வளையம்) மாட்டி மிச்சத்தைச் சிலிக்கானால் அடையுங்கள். தலை நுழைந்தால் பாம்பு முழுசாக நுழையும். குட்டிக் கார்ன் ஸ்நேக்கின் தலை பென்சில் அளவுதான். வலை மூடி போட்ட தொட்டிகளில் வயரை மூடியின் ஓரத்தில் இடுக்கி வெளியே விடுவது வழக்கம். அந்த ஓரம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கியே இருக்கும், பாம்பு அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது. தள்ளும் கண்ணாடிக் கதவின் இடுக்கில் வயரை விட்டால் வேறு சங்கடம்: ஒவ்வொரு தடவை கதவைத் தள்ளும்போதும் வயர் நசுங்கி, ஒருநாள் உள்ளே அறுந்துபோகும். அப்புறம் என்ன ஆகும் என்பதை மேலேயே சொன்னேன். வெளியே வந்த வயர் பிளக்குக்குப் போகுமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும். வயர் வழியாகத் தண்ணீர் வழிந்தால் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும், மின்சாரத்துக்குப் போகாது.

மேலிருந்து சூடு தரும் பல்பு, செராமிக் ஹீட்டர், ரேடியன்ட் பேனல் வைத்திருப்பவர்களுக்கு ப்ரோப்பை வெளியே வைக்கும் சலுகை கிடையாது. அங்கே தெர்மோஸ்டாட் ப்ரோப் உள்ளேதான் இருந்தாக வேண்டும். அதனாலேயே அதை இரட்டிப்பு உறுதியாகப் பிடிக்க வேண்டும், ஸ்க்ரூ அல்லது கேபிள் டை, வேறு பேச்சில்லை. நடுவில் அந்தரத்தில் தொங்கவிடாதீர்கள், பாம்பு அதைக் கொடி என்று ஏறும். தரையில் வாழும் பாம்புக்கு, வெயில்காயும் இடத்தை ஒட்டிய சுவரில், பாம்பு படுத்திருக்கும்போது அதன் முதுகு எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் வையுங்கள். மரத்தில் வாழும் பாம்புக்கு அது படுக்கும் கிளையின் அடிப்பக்கம். வயரும் கிளையின் அடிப்பக்கமாகவே சுவர்வரை போகட்டும். பிறகு வெயில்காயும் இடத்தின் பரப்பை இன்ஃப்ராரெட் வெப்பமானியால் அளந்து, தெர்மோஸ்டாட்டின் எண்ணை அதற்கேற்பச் சரிசெய்யுங்கள். அந்தத் துப்பாக்கி வெப்பமானி கண்ணாடி வழியாக உள்ளே பார்க்காது, கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும். பளபளக்கும் ஸ்டீல் ப்ரோப்பின்மேல் அடித்தாலும் தப்பாகவே வரும். கதவைத் திறந்து கல்லையோ மரத்தையோ குறிவைத்து அளக்க வேண்டும்.

எலியைக் கொடுக்கும் இடத்தில் ப்ரோப் இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எலி வாடை ஒட்டிய எதையும் பசித்த பாம்பு விழுங்கப் பார்க்கும். மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று தோன்றினால்: 2006-ல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 12 அடி பர்மிய மலைப்பாம்பு ஒன்று தன் கூண்டிலிருந்த மின்கம்பளியை வயரோடும் கண்ட்ரோல் பெட்டியோடும் சேர்த்து விழுங்கி, அறுவைச் சிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். தளர்வாகக் கிடக்கும் ஒரு ப்ரோப் எல்லாம் அதற்கு முன்னால் எம்மாத்திரம்!

பொருத்துவதற்கு முன் ப்ரோப் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பொருத்திய பிறகு கழற்றுவது பெரும்பாடு. ஐஸைப் பொடித்து ஒரு டம்ளரில் நிரப்பி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, ப்ரோப்பின் முனை மட்டும் நடுவில் இருக்கும்படி பிடித்தால் சில நிமிடங்களில் 0 காட்ட வேண்டும். ஒரு டிகிரி கூடக் குறைய இருந்தால் அதை மனதில் வைத்துக்கொண்டு ஓட்டலாம். அதற்கு மேல் என்றால் வேறு ப்ரோப் வாங்குங்கள். பொருத்திய பிறகு, விரலை வளைத்து வயருக்கு அடியில் கொடுத்து நன்றாக இழுத்துப் பாருங்கள். உங்கள் விரலுக்கு வருவது பாம்புக்கும் வரும். பிறகு ஒரு முழு நாள் தொட்டியைப் பாம்பில்லாமல் ஓடவிடுங்கள். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளும் தெர்மாமீட்டராக வாங்கினால் இரவு நடந்ததும் காலையில் தெரியும். பின்னாட்களில் ப்ரோப் இடம் மாறினால் அந்த எண்களே முதலில் காட்டிக்கொடுக்கும்.

மனசு இன்னும் கேட்கவில்லை என்றால் இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றை வரிசையில் போடலாம். சுவர்ப் பிளக்கில் சாதாரண ஆன்-ஆஃப் வகை, அதில் உங்கள் இப்போதைய தெர்மோஸ்டாட், அதில் ஹீட்டர். முதலாவதை இரண்டு மூன்று டிகிரி அதிகமாக செட் செய்து, அதன் ப்ரோப்பைத் தனியாகப் பொருத்துங்கள். ஒன்று கண்ணை மூடினாலும் மற்றது மின்சாரத்தை வெட்டிவிடும். தேவைக்கு மேல் வாட் உள்ள மேட்டை வாங்காமல் இருப்பதும் இதே பாதுகாப்பைப் பாதிவரை தரும்.

கடைசியாக, இப்போதே பாம்பின் உடம்பில் டேப் ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள். முதலில் தொட்டியோடு ஒட்டியிருக்கும் பக்கத்தை மழுங்கிய முனையுள்ள கத்தரிக்கோலால் வெட்டி, பாம்பை விடுவியுங்கள். உடம்பில் இருக்கும் துண்டின் ஓரத்தில் சமையல் எண்ணெயைப் பஞ்சுக் குச்சியால் தொட்டுத் தொட்டு வையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஊறட்டும். பசை இளகியதும் குச்சியை உருட்டிக்கொண்டே, தலையிலிருந்து வால் நோக்கி, செதில் படுத்திருக்கும் திசையில் மட்டும் டேப்பை நகர்த்துங்கள். பிடிவாதம் பிடிக்கும் இடத்தில் இழுக்காமல் மறுபடி எண்ணெய் வையுங்கள். ஆல்கஹால், பெயின்ட் தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், துரு நீக்கும் ஸ்ப்ரே எதுவும் பாம்பின்மேல் படக் கூடாது. முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில் எண்ணெயைக் கழுவிவிட்டு, அடுத்த சட்டை உரியும்வரை மரச்சீவலுக்குப் பதிலாக வெறும் காகிதம் விரித்து வையுங்கள். வாய், மூக்கு, கண் பக்கம் ஒட்டியிருந்தாலோ, தோல் கிழிந்து ஈரம் தெரிந்தாலோ வீட்டில் முயற்சி செய்யாமல் ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

உங்கள் பாம்புக்கு இப்போது ஒன்றும் ஆகவில்லை என்றால், இன்றைக்கே மேட்டை அணைத்து, டேப்பை அதன் பசைத் தடம்வரை சுத்தமாக எடுத்துவிடுங்கள். அறை 22 டிகிரிக்குக் கீழே போகாதவரை கார்ன் ஸ்நேக் ஓரிரு இரவு ஹீட்டர் இல்லாமல் தாங்கும். அந்த இடைவெளியில் இரை மட்டும் கொடுக்காதீர்கள், சூடில்லாமல் செரிக்காது.